உங்கள் குழு எந்தப் பொழுதில் விழிக்கிறது? உரையாடல் குழுவின் அன்றாட நடமாட்டத்தைக் கணக்கெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

"நம் குழுவில் இப்போதெல்லாம் யாருமே பேசுவதில்லை" என்று ஒருவர் எழுதினார். அதே வாரத்தில் இன்னொருவர், "செய்திகள் வந்து குவிகின்றன, தாங்க முடியவில்லை" என்று சொல்லிவிட்டு வெளியேறினார். நான் அட்மின்களில் ஒருவனாக இருக்கும் மாடித்தோட்டக் குழுவில் நடந்தது இது. சென்னை, யாழ்ப்பாணம், சிங்கப்பூர், லண்டன், டொரன்டோ என்று உறுப்பினர்கள் சிதறிக் கிடக்கும் வாட்ஸ்அப் குழு.

இருவரில் யார் சொல்வது சரி என்று பழைய உரையாடலைப் புரட்டிப் பார்த்தேன். இருவருமே சரி. முதலாமவர் சிங்கப்பூர்க்காரர். அவர் இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டுவிட்டுப் போனைத் திறக்கும்போது சென்னையில் மாலை ஐந்தரை. குழு தூங்கி வழியும் நேரம் அது. இரண்டாமவர் சென்னையில் வேலை முடிந்து எட்டரைக்கு வீடு திரும்புகிறவர். அவர் திறக்கும்போது வெள்ளம். ஒரே குழு, இரண்டு கடிகாரங்கள்.

அன்று தொடங்கிய கணக்கெடுப்பை இப்போது மாதந்தோறும் செய்கிறேன். நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. ஒரு கணினி, கூகுள் ஷீட்ஸ் அல்லது எக்செல், முதல் தடவை ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல் போதும்.

படி 1: கேள்வியை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்

கோப்பைக் கையில் வாங்கிய பிறகு கேள்வி தேடினால் அழகான வரைபடம் கிடைக்கும், பயன் கிடைக்காது. அறிவிப்பை எந்த நேரத்தில் போட்டால் அதிகம் பேர் பார்ப்பார்கள்? அட்மின்களில் யார் எப்போது விழித்திருக்க வேண்டும்? கேட்ட கேள்விக்குப் பதில் கிடைக்கிறதா? ஒன்றைத் தேர்ந்தெடுத்து அட்டவணையின் முதல் வரியில் எழுதி வையுங்கள். என் அனுபவத்தில் மூன்றாவது கேள்விதான் குழுவின் உயிரைச் சொல்லும். "மொத்தம் எத்தனை செய்திகள்?" என்பது எல்லாரும் முதலில் கேட்பது. அதைவிடப் பயனற்ற எண் வேறில்லை.

படி 2: பதிவை வெளியே எடுங்கள்

வாட்ஸ்அப்பில் குழுவைத் திறந்து, மேலே உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு, 'மேலும்' என்பதற்குள் போனால் அரட்டையை ஏற்றுமதி செய்யும் வசதி இருக்கும். ஐபோனில் குழுவின் பெயரைத் தொட்டுக் கீழே இறங்க வேண்டும். படங்கள் இல்லாமல் எடுங்கள். படங்களோடு எடுத்தால் கடைசி 10,000 செய்திகளும், இல்லாமல் எடுத்தால் 40,000 செய்திகளும் வரை கிடைக்கும் என்பது வாட்ஸ்அப் வைத்திருக்கும் வரம்பு. பரபரப்பான குழுவில் 40,000 என்பது சில மாதங்களில் தீர்ந்துவிடும். ஆகவே மாதம் ஒருமுறை எடுத்துச் சேமித்துவிடுங்கள்.

நினைவில் வைக்க வேண்டியவை சில. அந்தப் போனின் உரிமையாளர் குழுவில் சேர்ந்த நாளுக்கு முந்தைய செய்திகள் வராது. தானாக மறையும் செய்திகளை இயக்கியிருந்தால், கெடு முடிந்தவை பதிவிலும் இருக்காது. 2025இல் வந்த கூடுதல் அரட்டைத் தனியுரிமை அமைப்பைக் குழுவில் இயக்கியிருந்தால் ஏற்றுமதியே செய்ய முடியாது. அப்படி இருந்தால் சுற்றுவழி தேடாதீர்கள். ஏற்றுமதி வேண்டாம் என்று குழுவே எடுத்த முடிவு அது.

டெலிகிராமில் வேலை எளிது. கணினிக்கான டெலிகிராம் செயலியில் குழுவைத் திறந்து ஏற்றுமதி செய்யும்போது ஜேசன் (JSON) என்ற தரவுக் கோப்பு வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். எந்தச் செய்திக்கு எது பதில் என்பதும் அதில் பதிவாகியிருக்கும். வாட்ஸ்அப் பதிவில் அந்தத் தொடர்பு இராது. செய்தியின் மீது போட்ட கட்டைவிரலும் இதயமும்கூட இராது.

படி 3: உறுப்பினர்களிடம் சொல்லுங்கள், பெயர்களை மாற்றுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள் அதிகம். ஒருவர் தினமும் அதிகாலை மூன்று மணிக்கு எழுதுகிறார் என்றால், அவர் வீட்டில் நோயாளி இருக்கலாம், தூக்கம் வராமல் இருக்கலாம். நேரக் கணக்கு மனிதரைக் காட்டிக்கொடுத்துவிடும். குழுவில் ஓர் அறிவிப்புப் போடுங்கள்: எதற்காக எடுக்கிறீர்கள், யார் பார்ப்பார்கள், எப்போது அழிப்பீர்கள். பிறகு முதல் வேலையாகப் பெயர்களையும் தொலைபேசி எண்களையும் குறிப்பெயர்களாக மாற்றிவிடுங்கள். நாங்கள் செடிப்பெயர் வைத்தோம். 'பாகல்' அதிகம் பேசுகிறார், 'தூதுவளை' வாரம் ஒருமுறை வருகிறார். எது யார் என்ற பட்டியல் தனிக் கோப்பில், ஒருவரிடம் மட்டும். மாதக் கணக்கு முடிந்ததும் மூலப்பதிவை அழித்துவிடுகிறோம். செடிப்பெயர், நேரம், செய்தியின் வகை ஆகியவை மட்டுமே மிஞ்சும்.

படி 4: சுத்தம் செய்தல்

நேரத்தில் பாதி இங்கேதான் போகும். பொறுமையாகச் செய்யுங்கள். இங்கே விட்ட பிழை கடைசி வரைபடத்தில் சிரிக்கும்.

ஆண்ட்ராய்டு பதிவில் ஒவ்வொரு செய்தியும் தேதி, காற்புள்ளி, நேரம், ஒரு சிறு கோடு, அனுப்பியவர் பெயர், முக்காற்புள்ளி, பிறகு செய்தி என்ற வரிசையில் இருக்கும். ஐபோனில் தேதியும் நேரமும் சதுர அடைப்புக்குள் வரும், நொடியும் சேர்ந்திருக்கும். இதை அட்டவணையில் ஒட்டிப் பத்திகளாகப் பிரிக்க வேண்டும். முதலில் வரும் கோட்டிலும், அதற்கடுத்து முதலில் வரும் முக்காற்புள்ளியிலும் மட்டும் பிரியுங்கள். செய்திக்குள்ளும் கோடுகளும் முக்காற்புள்ளிகளும் வரும்.

அடுத்தது பலவரிச் செய்திகள். ஒருவர் பஞ்சகவ்வியம் செய்முறையைப் பத்து வரியில் எழுதினால் பதிவில் பத்து வரிகள் வரும், முதல் வரிக்கு மட்டுமே தேதி இருக்கும். தேதியில்லாத வரிகளை வடிகட்டி நீக்கினால் ஒரு செய்தி ஒரு வரியாக நிற்கும். "எண்ணும் சாய்கோடும் இருந்தால் தேதி" என்று நம்பி நான் ஏமாந்தேன். "1/2 கிலோ வேப்பம் புண்ணாக்கு" என்று தொடங்கிய வரிகளெல்லாம் செய்திகளாக எண்ணப்பட்டிருந்தன. தேதி, காற்புள்ளி, நேரம் மூன்றும் சேர்ந்து இருக்கிறதா என்று பாருங்கள்.

தேதி வடிவம் இன்னொரு பொறி. 8/9 என்பது செப்டம்பர் 8ஆ, ஆகஸ்ட் 9ஆ? போனின் அமைப்பைப் பொறுத்து இரண்டுமே வரலாம். கூகுள் ஷீட்ஸில் கோப்பு, அமைப்புகள் என்று போய் இடத்தை இந்தியா என்று மாற்றிவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். மாதத்தின் 12ஆம் தேதி வரை சரியாகவும், 13ஆம் தேதியிலிருந்து வெறும் எழுத்தாகவும் தெரிந்தால் நாளும் மாதமும் இடம் மாறிவிட்டன என்று பொருள். சரியாகத் தெரிகிற அந்தப் பன்னிரண்டு நாள்களிலும், 8/8 போல இரண்டு எண்ணும் ஒன்றாக வரும் நாளைத் தவிர மற்றவை தவறுதான்.

நேரத்துக்கும் முற்பகல், பிற்பகல் குறிக்கும் எழுத்துகளுக்கும் நடுவே சில பதிவுகளில் சாதாரண இடைவெளி இருக்காது. கண்ணுக்கு அப்படியே தெரியும் வேறொரு குறுகிய இடைவெளிக் குறி இருக்கும். அட்டவணை அதை நேரமாகவே ஏற்றுக்கொள்ளாது. ஒரு கட்டத்திலிருந்து அந்த இடைவெளியை மட்டும் நகலெடுத்து, 'கண்டுபிடித்து மாற்று' வசதியில் ஒட்டி, சாதாரண இடைவெளியாக மாற்றினால் தீர்ந்தது. இது தெரியாமல் நான் ஓர் இரவைத் தொலைத்திருக்கிறேன்.

கடைசியாக, அனுப்பியவர் பெயரே இல்லாத வரிகள். இன்னார் சேர்ந்தார், விலகினார், குழுப் படத்தை மாற்றினார் என்பவை. அவற்றைத் தனித் தாளுக்கு மாற்றுங்கள், அழிக்க வேண்டாம். எந்த வாரத்தில் எத்தனை பேர் விலகினார்கள் என்பது பின்னால் உதவும். நீக்கப்பட்ட செய்திகளை நான் எண்ணிக்கையில் வைத்துக்கொள்கிறேன். ஒருவர் அந்த நேரத்தில் அங்கே இருந்தார் என்பதற்கு அது சாட்சி.

படி 5: யாருடைய கடிகாரம்?

வாட்ஸ்அப் பதிவில் இருப்பது ஏற்றுமதி செய்த போனின் நேரம். சென்னையில் எடுத்தால் சென்னை நேரம், லண்டனில் எடுத்தால் லண்டன் நேரம். எனவே எப்போதும் ஒரே இடத்திலிருந்து, ஒரே போனில் எடுங்கள்.

டெலிகிராமின் ஜேசன் கோப்பில் இன்னொரு எண்ணும் இருக்கும். உலகப் பொது நேரத்தில் 1970 ஜனவரி 1 தொடங்கி எத்தனை நொடிகள் கழிந்தன என்பது அது. அதை 86,400ஆல் வகுத்து, 25,569ஐக் கூட்டினால் அட்டவணை புரிந்துகொள்ளும் தேதி வரும். இந்திய நேரமாக்க 5.5/24ஐக் கூட்டுங்கள். அட்டவணைக்கு ஒரு நாள் என்பது 1, ஒரு மணி என்பது 1/24. இதை மனத்தில் வாங்கிக்கொண்டால் நேரக் கணக்குகள் எல்லாம் வெறும் கூட்டல் கழித்தலே.

இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இப்போது ஒரே நேரம். 1996இல் இலங்கை தன் கடிகாரத்தை முன்னே தள்ளி, 2006 ஏப்ரலில்தான் மீண்டும் ஐந்தரை மணிக்கு வந்தது. எனவே யாழ்ப்பாணத்தால் தொல்லை இல்லை. சிங்கப்பூரும் மலேசியாவும் நம்மைவிட ஆண்டு முழுவதும் இரண்டரை மணி நேரம் முன்னே.

சிக்கல் லண்டனிலும் டொரன்டோவிலும் இருக்கிறது. கோடையில் லண்டன் நமக்கு நாலரை மணி நேரம் பின்னே, குளிர்காலத்தில் ஐந்தரை. டொரன்டோ ஒன்பதரை, பத்தரை. இரண்டு ஊர்களும் ஒரே நாளில் கடிகாரத்தை மாற்றுவதும் கிடையாது. டொரன்டோ மார்ச்சின் இரண்டாம் ஞாயிறன்றும் நவம்பரின் முதல் ஞாயிறன்றும் மாற்றுகிறது. லண்டன் மார்ச், அக்டோபர் இரண்டிலும் கடைசி ஞாயிறன்று. நவம்பரில் உங்கள் வரைபடத்தின் காலை மேடு ஒரு மணி நேரம் வலப்பக்கம் நகர்ந்தால் உறுப்பினர்கள் சோம்பேறிகளாகிவிட்டார்கள் என்று எண்ண வேண்டாம். அவர்கள் வழக்கமான நேரத்துக்கே வருகிறார்கள். வெளிநாட்டு உறுப்பினர் கணிசமாக உள்ள குழுக்கள் கடிகாரம் மாறும் மாதங்களைத் தனியே வைத்துப் பார்ப்பது நல்லது.

படி 6: நாள் கணக்கை அதிகாலை இரண்டு மணிக்குத் தொடங்குங்கள்

நள்ளிரவில் நாளை வெட்டினால், இரவு பதினொன்றரைக்குத் தொடங்கி ஒரு மணி வரை நீளும் பேச்சு இரண்டு நாள்களாகப் பிளந்துவிடும். நேரங்களின் சராசரியும் கேலிக்கூத்தாகும். இரவு 11 மணிக்கு ஒரு செய்தி, 1 மணிக்கு ஒரு செய்தி என்றால் 23க்கும் 1க்கும் சராசரி 12, அதாவது உச்சிவெயில்.

தீர்வு நம் பள்ளிப் பாடத்தில் இருக்கிறது. தமிழ் இலக்கணம் ஒரு நாளை ஆறு சிறுபொழுதுகளாகப் பிரிக்கிறது. ஒவ்வொன்றும் பத்து நாழிகை, அதாவது நான்கு மணி நேரம். வைகறை இரண்டு முதல் ஆறு வரை, காலை ஆறு முதல் பத்து, நண்பகல் பத்து முதல் இரண்டு, எற்பாடு இரண்டு முதல் ஆறு, மாலை ஆறு முதல் பத்து, யாமம் பத்து முதல் இரண்டு. தேர்வுக்காக மனப்பாடம் செய்தபோது இது எதற்கென்று நானும்தான் சலித்துக்கொண்டேன்.

செய்ய வேண்டியது ஒன்றே. ஒவ்வொரு செய்தியின் நேரத்திலிருந்தும் 2/24ஐக் கழியுங்கள். கிடைக்கும் தேதிதான் அந்தச் செய்தியின் நாள். கிடைக்கும் மணியை நான்கால் வகுத்துப் பின்னத்தை விட்டுவிட்டால் 0 முதல் 5 வரை ஓர் எண் வரும். 0 வைகறை, 1 காலை என்று தொடங்கி 5 யாமம். நள்ளிரவு கடந்து 1.15க்கு வந்த செய்தியில் இரண்டு மணி கழித்தால் முந்தைய நாள் 23.15. நான்கால் வகுத்தால் 5. முந்தைய நாளின் யாமத்திலேயே சரியாகப் போய் உட்கார்ந்துவிடும்.

படி 7: கட்டங்களை நிரப்புங்கள்

இனி பிவட் டேபிள், அதாவது வரிகளை வகை பிரித்து எண்ணித் தரும் அட்டவணை வசதி. வரிசைகளில் கிழமை, பத்திகளில் பொழுது, உள்ளே எண்ணிக்கை. பிறகு கட்டங்களுக்கு நிற அளவுகோல் கொடுத்தால் எங்கே கூட்டம், எங்கே வெறுமை என்று ஒரே பார்வையில் தெரியும்.

இருபத்துநான்கு மணிகளையும் ஏழு கிழமைகளையும் வைத்து 168 கட்டங்கள் போடுவது பலருக்குப் பிடிக்கிறது. நான்கு வாரப் பதிவில் ஒவ்வொரு கட்டத்துக்கும் நான்கே நாள்கள்தான் சான்று. ஒரு செவ்வாய்க்கிழமை யாரோ மாவுப்பூச்சியைப் பற்றிப் புலம்பி நூறு செய்திகள் வந்துவிட்டால், "செவ்வாய் மாலை மூன்று மணி நம் பொன்னான நேரம்" என்று தப்புக்கணக்குப் போடுவீர்கள். ஆறு பொழுதும் ஏழு கிழமையுமாக 42 கட்டங்கள் சிறிய குழுவுக்குப் போதும்.

உள்ளே எதை எண்ணுவது? இரண்டு அட்டவணை போடுங்கள். ஒன்றில் செய்திகள், மற்றதில் ஆள்கள். ஒருவர் அந்தப் பொழுதில் நாற்பது செய்தி எழுதினாலும் ஆள் கணக்கில் ஒன்றுதான். இரண்டும் ஒரே வடிவத்தில் இருந்தால் நிம்மதி. செய்தி அட்டவணை சிவந்தும் ஆள் அட்டவணை வெளுத்தும் இருக்கும் பொழுதில் இரண்டு மூன்று பேரின் வாக்குவாதம் நடக்கிறது என்று பொருள். எங்கள் குழுவில் யாமம் அப்படித்தான் இருந்தது. ரசாயன உரமா இயற்கை உரமா என்பதில் 'பாகலும்' இன்னொருவரும் ஓயவே இல்லை.

காலை வணக்கப் படங்களை என்ன செய்வது? தனியே ஒரு பத்தியில் குறித்துவிட்டு, முதலில் சேர்த்தும் பிறகு விலக்கியும் பாருங்கள். அவற்றை வெறுக்கிறவன் நான் இல்லை. வேறெதுவும் எழுதாத ஒரு மூத்த உறுப்பினர் தினமும் ஆறு மணிக்குச் செம்பருத்திப் படம் போடுவார். ஒருநாள் வராவிட்டால் நாங்கள் விசாரிப்போம். ஆனால் அந்தப் படங்களைச் சேர்த்துக் காலைதான் குழுவின் உச்சம் என்று முடிவுகட்டினால் தவறு.

பேசாதவர்கள் இந்தப் பதிவில் இல்லை என்பதையும் மறக்க வேண்டாம். இணையதளப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2006இல் எழுதிய தோராய விதி ஒன்று உண்டு: இணையக் குழுக்களில் நூற்றில் தொண்ணூறு பேர் பார்க்க மட்டும் செய்வார்கள், ஒன்பது பேர் அவ்வப்போது எழுதுவார்கள், ஒருவர்தான் பெரும்பகுதியை எழுதுவார். உங்கள் அட்டவணை காட்டுவது எழுதுகிறவர்களின் பொழுதை. வாசிக்கிறவர்களின் பொழுது வேறாக இருக்கலாம். அதற்கு ஒரு வாக்கெடுப்புப் போட்டுக் கேட்பதே வழி.

படி 8: பதிலற்ற கேள்விகளை எண்ணுங்கள்

இதைத்தான் நான் முக்கியமென்று நினைக்கிறேன். "செடியில் இலை சுருண்டுகொள்கிறது, என்ன செய்வது?" என்று ஒருவர் கேட்டார். எத்தனை நிமிடத்தில், அல்லது எத்தனை நாளில், பதில் வந்தது?

இதற்கு இயந்திரத்தை நம்பாதீர்கள். கேள்விக்குறியைத் தேடினால் பாதிக் கேள்விகள் தப்பிவிடும். பேச்சுத் தமிழில் கேட்பவர்கள் குறி போடுவதில்லை, ஆங்கில எழுத்தில் தமிழை அடிப்பவர்கள் ஒருவருக்கொருவர் வேறு மாதிரி எழுதுகிறார்கள், சிலர் சுருண்ட இலையின் படத்தைப் போட்டுவிட்டு ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. அதுவும் கேள்விதான். ஆகவே கையால் குறியுங்கள். நூறு கேள்விகள் போதும். கேட்ட நேரம், பொருந்திய முதல் பதில் வந்த நேரம் என்று இரண்டு பத்திகள். "எனக்கும் இதே பிரச்சினை" என்பது பதில் ஆகாது.

கால இடைவெளிகளுக்குச் சராசரி எடுக்காமல் இடைநிலை எடுங்கள், அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண். மூன்று நாள் கழித்து வந்த ஒரே ஒரு பதில் சராசரியைக் கெடுத்துவிடும், இடைநிலையை அசைக்காது. பதிலே வராத கேள்விகளைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடவும் கூடாது. நீக்கினால் குழு சுறுசுறுப்பாக இருப்பதுபோலப் பொய்த் தோற்றம் வரும். அவற்றை மிகப் பெரிய ஓர் எண்ணாகப் போட்டு வரிசையின் கடைசியில் நிறுத்துங்கள். பாதிக்கும் குறைவாக இருக்கும்வரை இடைநிலை ஒழுங்காகவே வரும். பாதிக்கும் மேல் என்றால் கணக்கை மூடிவைத்துவிட்டு அட்மின்கள் கூடிப் பேச வேண்டும்.

பிறகு கேள்வி கேட்ட பொழுதின்படி இதைப் பிரித்துப் பாருங்கள். எங்களுக்கு அதிர்ச்சி இங்கேதான். குழு மிகவும் கலகலப்பாக இருக்கும் மாலையில் கேட்ட கேள்விகளே அதிகம் புதைந்துபோயின. நண்பகலில், ஆளே இல்லாததுபோல் தெரியும் நேரத்தில் கேட்டவற்றுக்கு அமைதியாகப் பதில் வந்திருந்தது.

படி 9: எதோடு ஒப்பிடுவது?

நேற்றோடு இன்றை ஒப்பிடாதீர்கள். இந்தச் சனியைச் சென்ற நான்கு சனிகளோடு ஒப்பிடுங்கள். பொங்கல், தீபாவளி, தேர்வு முடிவு வரும் நாள், ஐபிஎல் ஆட்டம் தொடங்கும் ஏழரை மணி ஆகியவற்றை ஒரு குறிப்புப் பத்தியில் எழுதி வைத்தால், அடுத்த ஆண்டு "ஏன் இந்தப் பள்ளம்?" என்று மண்டையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். தோட்டக் குழுவுக்கு வடகிழக்குப் பருவமழையும் குறிப்பில் வர வேண்டும். அக்டோபரில் பெய்யத் தொடங்கினால் சென்னைக்காரர்களின் கேள்விகள் அழுகல் நோயின் பக்கம் திரும்பும். அதே வாரங்களில் டொரன்டோக்காரர்கள் முருங்கைத் தொட்டியை வீட்டுக்குள் எடுத்து வைத்துவிட்டுப் பேச்சைக் குறைத்துக்கொள்வார்கள்.

படி 10: ஒன்றை மட்டும் மாற்றுங்கள்

நான்கு வாரம் அளந்த பிறகு ஒரே ஒரு மாற்றம், பிறகு இன்னொரு நான்கு வாரம். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

நாங்கள் வாராந்தரக் கேள்வி நேரத்தை மாற்றினோம். முன்பு சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு நடந்தது. சென்னைக்கு வசதி, லண்டனுக்கு நள்ளிரவு தாண்டிய நேரம். ஞாயிறு மாலை ஏழுக்குக் கொண்டுபோனோம். கோடையில் அது சிங்கப்பூரில் இரவு ஒன்பதரை, லண்டனில் பிற்பகல் இரண்டரை, டொரன்டோவில் காலை ஒன்பதரை. எல்லாரும் விழித்திருக்கும் இடுக்கு அது ஒன்றுதான். அந்த ஒரு மணி நேரத்தில் காலை வணக்கம், பண்டிகை வாழ்த்து எதுவும் கிடையாது. அந்த வாரம் பதில் கிடைக்காத கேள்விகளை அட்மின் ஒருவர் பட்டியலிட்டுப் போடுவார்.

"யாருமே பேசுவதில்லை" என்று எழுதிய சிங்கப்பூர்க்காரர்தான் இப்போது அந்தப் பட்டியலைத் தயாரிக்கிறார்.